மலைக்குக் கீழே ஒரு வீடு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் செயலாளர் ஒரு மாதத்துக்கு முன்னால் போன் பண்ணி, "சார், இந்த வருஷம் நீங்க ரிடையர்மெண்ட் பத்திப் பேசணும்" என்றார். "ஏம்பா, நான்தானா கிடைச்சேன்?" என்று கேட்டேன். "உங்க செட்லதான் சார் எல்லாரும் ரிடையர் ஆகி சும்மா இருக்கீங்க" என்றார். சும்மா இருக்கிறோமா இல்லையா என்பதை எங்கள் வீட்டம்மாக்களைத்தான் கேட்க வேண்டும். என் வீட்டம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டே பேசுகிறேன், அதனால் பொய் சொல்ல முடியாது.

நான் 1969-லிருந்து 1972 வரை இங்கே பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். பிறகு பாங்க் வேலை. முப்பத்தாறு வருஷத்தில் பதினோரு ஊர். 2012-ல் ஓய்வு பெற்று, திண்டுக்கல்லில் ஒரு சின்ன வீடு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சொந்த ஊர் ராமநாதபுரம் ஜில்லா, பெண் எடுத்தது தஞ்சாவூர்ப் பக்கம், பிள்ளை இருப்பது அமெரிக்கா, பெண் இருப்பது பெங்களூர். இதில் எதோடும் ஒட்டாத ஊருக்கு ஏன் போனாய் என்று இன்றைக்குக் காலையில் டிபன் சாப்பிடும்போதுகூட இரண்டு பேர் கேட்டார்கள். "பூட்டுக்கா, பிரியாணிக்கா?" என்று கிண்டல் வேறு. அந்தக் கேள்விக்குத்தான் இந்த அரை மணி நேரம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிய வைத்துவிடுகிறேன். மலைக்குப் பக்கத்து ஊர் என்றாலே ஜில்லென்று இருக்கும் என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனை விற்கிறவர்களும் அப்படித்தான் நோட்டீஸ் அடிக்கிறார்கள். நாம் படித்த பௌதிகம் என்ன சொல்கிறது? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். திண்டுக்கல் முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஆக, அங்கே இருக்கும் குளிருக்கும் இங்கே இருக்கும் வெயிலுக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். அந்தப் பன்னிரண்டில் ஒரு டிகிரிகூட மலை நமக்குத் தானம் பண்ணாது. அதோடு விடுமா? தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைப் பழனி மலைத்தொடர் மேற்கிலேயே மறித்துக்கொள்கிறது. ஜூன், ஜூலையில் மேற்கே பார்த்தால் மலை முழுக்க மேகம் மூடிக்கிடக்கும். எங்கள் தெருவில் புழுதி பறக்கும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். மே மாசத்துத் திண்டுக்கல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அடுப்பு.

அப்படியானால் மேலேயே போயிருக்கலாமே என்பீர்கள். அந்த ஆசை எனக்கும் இருந்தது. யாருக்குத்தான் இல்லை? என்னோடு வேலை பார்த்த ஒருவர் (பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை) கொடைக்கானல் பக்கம் அழகாக ஒரு வீடு கட்டினார். ஓட்டுக் கூரை, முன்னால் ரோஜா, பின்னால் பேரிக்காய் மரம். நாங்கள் குடும்பத்தோடு போய் நாலு நாள் தங்கியிருக்கிறோம். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் இருந்து நான் பார்த்ததில்லை. அறுபத்தெட்டு வயசில் ஒரு மார்கழி ராத்திரி அவருக்குப் பக்கவாதம். பனிமூட்டத்தில் வளைவு வளைவாகக் கார் இறங்கி, மதுரை போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. ஆறு மாதம் படுக்கையில் இருந்து போய்விட்டார். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் அவர் மனைவி ஒரு வருஷம் இருந்தார். கடைக்குப் போக ஏற்றம், திரும்பி வர இறக்கம். முட்டி வலி. கார் ஓட்டத் தெரியாது. சீசன் முடிந்தால் அடுத்த இரண்டு பங்களாவும் பூட்டிக்கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் மறுநாள் பால்காரர் வந்தால்தான் மனுஷக் குரல். வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வீடு அவருடைய கனவு; அந்த அம்மாவைப் பொறுத்தவரை அது வேறு ஒருவர் கனவில் வாடகைக்கு இருந்தது மாதிரி.

இதே விஷயத்தை பாங்க் கவுண்டரிலும் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பையில் கணவரின் காகிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு ஒரு அம்மா வருவார்கள். எது டெபாசிட் ரசீது, எது கரண்ட் பில் என்று தெரியாது. பத்து ரூபாய் எடுக்கக்கூட செக்கில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு தடவை, 1998 என்று ஞாபகம், அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு வேலையெல்லாம் முடித்துக் கொடுத்து, "எப்படிம்மா வந்தீங்க?" என்று கேட்டேன். "ஆட்டோவுல வந்தேன் சார். எங்க வீட்டுக்கு என்ன பஸ்ஸுன்னு எனக்குத் தெரியாது. அவரு எப்பவும் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவாரு" என்றார்கள். ஊருக்கு வெளியே புது லேஅவுட்டில், காற்றோட்டமாக இருக்கும் என்று அவர் கணவர் ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. எட்டு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு பஸ் நம்பர் தெரியவில்லை.

நம் தலைமுறையில் கணவனுக்கு மனைவியைவிட நாலு, ஐந்து, ஏழு வயசு கூட. எனக்கு ஆறு. கணக்குப் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. போடத்தான் மனசு வருவதில்லை. நான் போட்டேன். ரிடையர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், எந்த ஊர் என்று நாங்கள் இருவரும் ராத்திரி ராத்திரியாகப் பேசிக்கொண்டிருந்தோம். நான் மலை, மலை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவள் சொன்னாள்: "ஏங்க, மலைய நீங்க பாத்துக்கிட்டு இருக்கலாம், சரி. நாளைக்கு நான் ஒருத்தியா இருக்கறப்போ மலை வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகுமா?"

அன்றைக்கு முடிவானது எங்கள் கணக்கு. இரண்டு பேரில் யார் பிந்தி இருக்கப்போகிறாரோ, அவருக்குத்தான் ஊர் பார்ப்பது. மலை வேண்டும், ஆனால் கண்ணுக்கு எட்டினால் போதும், காலுக்கு வேண்டாம்.

அப்படிப் பார்த்தபோது என் சொந்தக் கிராமம் அடிபட்டுப் போயிற்று. ராத்திரி எட்டரைக்கு மேல் பஸ் இல்லை. கோயம்புத்தூர் நல்ல ஊர்தான், ஆனால் இப்போது அதுவே ஒரு பட்டணம், எங்கள் கையிருப்புக்கு ஊர் ஓரத்தில்தான் வீடு கிடைத்தது. பழையபடி பஸ் நம்பர் கதை. தென்காசியை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். சாரலுக்காகவே போகலாம். ஆனால் மகள் பெங்களூரிலிருந்து வர வேண்டுமே. திண்டுக்கல்லில் நான் 1988-லிருந்து மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவளுக்கு அந்த ஊரில் நாலு பேரைத் தெரியும். அந்த நாலு பேருக்காகத்தான் போனோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

போனோம் என்றால் உடனே வீடு வாங்கிவிடவில்லை. மே மாசம் போய் வாடகைக்குப் பிடித்து ஒரு வருஷம் இருந்தோம். தம்பிகளே, உங்கள் அப்பா அம்மா எந்த ஊரில் வீடு வாங்குவதாக இருந்தாலும் மே மாசத்தில் போகச் சொல்லுங்கள். டிசம்பரில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் திண்டுக்கல்லைப் பற்றிப் பேச முடியாது. எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே இருந்தபோது தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். மலைச்சரிவில் இருக்கும் ஆத்தூர் காமராசர் அணை நிரம்பினால் ஊர் சிரிக்கும், இல்லாவிட்டால் அழும். பிற்பாடு காவிரித் தண்ணீரும் வந்து நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் குழாயில் முறை வைத்துத்தான் வரும். தரைத்தொட்டி இல்லாத வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாடகைக்கு இருந்த அந்த வருஷம் நான் பார்த்த முக்கியமான வேலை, நாலைந்து தெருக்களில் போர் எத்தனை அடி, கோடையில் வற்றுகிறதா, தண்ணீர் உப்பா என்று வீடு வீடாக விசாரித்ததுதான். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பரவாயில்லை. அந்த விசாரணையில்தான் அக்கம்பக்கமே பழக்கமாயிற்று.

வீடு பார்க்கும்போது ஒரு நிபந்தனை வைத்தோம். காய்கறி, மருந்துக்கடை, பாங்க், ஒரு டாக்டர், ஒரு கோயில், பஸ் நிறுத்தம் எல்லாம் அவள் நடையில் பத்து நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும். என் நடையில் இல்லை, அவள் நடையில். புரோக்கர், "சார், கொஞ்சம் தள்ளிப் போனா இதே பணத்துக்கு ரெண்டு மடங்கு இடம், மாடியில நின்னா மலை அப்படியே தெரியும்" என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிக்காட்டினார். கன்னிவாடிப் பக்கம் ஒரு தோட்டம் காட்டினார். அங்கே யானை இறங்கும் என்பதை டீக்கடைக்காரர் சொன்னார், புரோக்கர் சொல்லவில்லை. மலைக் கிராமங்களில் இடம் வாங்க நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1990-லிருந்து மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் கிராமத்தில் கட்ட வேண்டுமானால் அதன் அனுமதியும் வேண்டும். பத்திரம் பதிந்துவிட்டது என்பதனால் கட்டிவிட முடியாது.

கடைசியில் நாங்கள் வாங்கியது பழைய ஓரடுக்கு வீடு, இரண்டு அறை. அந்தக் காலத்துக் கொத்தனார் கட்டியது, சுவர் கனம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, வாசல் படியைத் தாழ்த்தி, மேற்கத்திய டாய்லெட் போட்டோம். மொட்டைமாடிக்குப் போனால் தென்கிழக்கே சிறுமலை தெரியும், வானம் சுத்தமாக இருந்தால் மேற்கே பழனி மலை நீலமாகத் தெரியும். ஊர் நடுவில் அந்த மொட்டைப் பாறைக் கோட்டை, ஹைதர் அலி 1755-ல் ஃபௌஜ்தாராக வந்து இருந்த இடம். காலையில் காபி டம்ளரோடு மாடிக்குப் போவதற்கு இது போதாதா?

மலை கீழே வந்து கொடுப்பதும் நிறைய. சிறுமலை வாழைப்பழம் எங்களுக்குத் தெருவிலேயே வரும். எழுபதுகளில் முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழைத் தோட்டங்கள் அழிந்துபோய், பிறகு கஷ்டப்பட்டு மீட்டார்கள். இன்றைக்கும் அது கொஞ்சம் அருமையான சரக்குதான். தோல் கறுத்த பிறகு சாப்பிட வேண்டும், அப்போதுதான் அந்த வாசனை. பூ மார்க்கெட்டில் மல்லிகை, கொடைக்கானலிலிருந்து மலைப்பூண்டு, சௌசௌ, பட்டர் ஃப்ரூட். மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, சிறுமலைக்கு பஸ்ஸில் போவோம். இருபத்தைந்து கிலோமீட்டர், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. மேலே ஒரு டீ, கொஞ்சம் நடை, நாலு எலுமிச்சம்பழம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. கொடைக்கானலுக்கு இப்போது அவ்வளவாகப் போவதில்லை. வண்டி நெரிசல் தாங்காமல் 2024 மே மாசத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்துவிட்டது. கூட்டம் எவ்வளவு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

குறையும் சொல்ல வேண்டும், மூன்றாவது வரிசையிலிருந்து பார்க்கிறாள். கச்சேரி கிடையாது, நல்ல நாடகம் கிடையாது. மார்கழியில் அவளுக்குச் சென்னை ஞாபகம் வரும். கொசு உண்டு. முதல் இரண்டு வருஷம் எனக்குப் பேச ஆள் இல்லை. பாங்க் மேனேஜராக இருந்தபோது வணக்கம் வைத்தவர்கள் ரிடையரான ஆளுக்கு ஏன் வைக்கிறார்கள்? நான் ஈஸிசேரில் கிடந்தேன். அவள் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள், டவுன் பஸ் ஏறிச் சின்னாளப்பட்டிக்குச் சேலை வாங்கப் போனாள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்தாள். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா, அதிலிருந்து ஆளைப் பிடிக்கவே முடியாது. இன்றைக்கு அந்த ஊரில் என்னை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது, "ஹிந்தி டீச்சர் வீட்டு சார்" என்றால்தான் தெரியும். காந்திகிராமத்தில் ஏதாவது கூட்டம் என்றால் அவள் கூடத் துணைக்குப் போகிறவன் நான்.

2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் 108-க்குப் போன் பண்ணி, எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பி, மருந்துச் சீட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, வண்டியில் ஏறியதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உள்ளூரில் பார்த்து, நாடித்துடிப்பு ரொம்பக் குறைவு என்று சொல்லி, அறுபத்தைந்து கிலோமீட்டர், நேர் ரோடு, விடிவதற்கு முன்னால் மதுரை. மறுநாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பெங்களூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் வந்து அழுததுதான் பாக்கி. "அம்மா, இனிமே நீங்க ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள். இவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா இருக்கறவரைக்கும் அப்பா இஷ்டம். அப்பாவுக்கு அப்புறமும் நான் அந்த ஊர்லதான் இருப்பேன். எனக்கு அங்க ஆள் இருக்கு, நீ பயப்படாத."

கட்டிலில் கிடந்து அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. ஏன் என்று வயசானவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு வயசில் இருக்கிறவர்களைப் பார்க்கிறேன். பாங்க்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கணக்கை இருவர் பெயரிலும் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று மாற்றிவிடுங்கள். நாமினேஷன் போடுங்கள், 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரைக்கும் போடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளிதான், வாரிசுக்கு உள்ள உரிமை தனி என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு வீட்டை மட்டும் ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டரில் கட்டினால் பிரயோஜனம் இல்லை. மனைவியே முந்திக்கொண்டால்? அதுவும் நடக்கிறதுதான். அப்போதும் இதே கணக்கு. காபி போடத் தெரியாத ஆம்பளைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மெஸ் வேண்டும். திண்டுக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அவள் இங்கேயே இருக்கிறாள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனால் உங்கள் அம்மாவிடம், "நம்ம வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வாருங்கள். அப்பாவையும் கேளுங்கள், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எங்கள் ஊர் உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. வைகை நிற்கும், பாண்டியன் நிற்கும், 2023-லிருந்து ஓடும் நெல்லை வந்தே பாரத்தும் நிற்கும். மலையில் குறிஞ்சி 2018-ல் பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது நம் செட்டில் வர முடிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஏறி ஹிந்தி டீச்சர் வீடு என்று சொன்னால் போதும். நான் இருந்தால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இல்லாவிட்டால் அவள் கூட்டிக்கொண்டு போவாள். பஸ் நேரமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.